பெயர் இல்லாத ஆறாவது

நுமாசு ரயிலடிக்குப் பின்னால்
பழைய சாமான் கடையில் ஒரு நீலக் கூடை.
'பழுது. சோதிக்கவில்லை. திருப்பி எடுக்கமாட்டோம்.'
ரிமோட்டுகள், அறுந்த ஒயர்கள்,
எல்லாவற்றுக்கும் அடியில்
வெள்ளையாய் ஒரு முட்டை.
ஐந்நூறு யென்.
அன்றைய நூடுல்ஸை விட்டுக்கொடுத்தேன்.

முட்டை என்றால் பொரிக்கிற முட்டை இல்லை.
இடுப்பில் சக்கரம்,
இரண்டு முனையிலும் காதுபோல மூடி,
உள்ளே பாட்டு.
பாட்டுக்குத் தகுந்தபடி உருளும், சுழலும்,
மூடியை அடித்துக்கொள்ளும், நிறம் மாறும்.
கொஞ்ச காலம் டிவி விளம்பரத்தில் ஆடியது.
எதற்கு என்று அப்போதும் யாருக்கும் புரியவில்லை.
விலையைக் கேட்டு
நானும்தான் சிரித்தேன்.

சார்ஜ் ஒயர் இல்லை.
பணிமனையில் இகராஷி
டப்பா நிறைய ஒயர் வைத்திருக்கிறான்,
ஒவ்வொன்றிலும் தன் பெயரை எழுதி.
"மியாதா-சான், வெள்ளிக்கிழமைக்குள் வந்துவிட வேண்டும்,"
மகளை வெளியூர் அனுப்புகிறவன்போல் சொன்னான்.

பதினேழு பேருந்துகளைக் கழுவி முடித்து
கை ஊறிப்போய் வீடு வந்தேன்.
மேஜை விளிம்பில்
ஆரஞ்சுகளை வரிசையாக வைத்து வேலி கட்டி
நடுவில் அதை விட்டேன்.

ஐந்து பாட்டு இருந்தது.
ஒரு மூடி பாதி உடைந்ததால்
சுற்றுக்கு ஒருமுறை நொண்டியது.
நொண்டினாலும் தாளம் தப்பவில்லை.
டிரம்பெட் வந்தபோது பச்சையாகிப்
பின்பக்கமாக ஓடியது பார்,
தனியாக இருக்கிறேன் என்பதை மறந்து
"அட!" என்றேன்.
கீழ்வீட்டுக்காரர் தன் கூரையைக் குச்சியால் தட்டினார்.
அதையும் சேர்த்து ஆடியதுபோலிருந்தது.

ஆறாவதுக்குப் பெயர் இல்லை.
பதினோரு நிமிடம்.

முதலில் கடல் என்று நினைத்தேன்.
குறட்டை.

யாரோ ஓர் ஆண். பெரிய உடம்பு.
இழுக்கும்போது முட்டை
ஒரு விரற்கடை பின்னால் போனது.
விடும்போது
மூடிகள் மெல்லத் திறந்தன.
ஆரஞ்சு நிறம். பின் நீலம். பின் ஆரஞ்சு.
எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை,
எவனுடைய மூக்குக்கோ இப்படியொரு நாட்டியமா என்று.

நான்காவது நிமிடத்தில் மூச்சு நின்றது.
முட்டையும் நின்றது.
திறந்த மூடி திறந்தபடி.
பழுதுதான் என்று கையை நீட்டினேன்,
அதற்குள் ஒரு பெரிய இழுப்பு,
முட்டை மேஜைமேல் துள்ளி விழுந்தது.

மறுபடி. மறுபடி.
கடைசியில் ஒரு பெண் குரல்,
தூங்குகிறவரை எழுப்பாத குரலில்:
"பத்தொன்பது நொடி. டாக்டரிடம் இதைப் போட்டுக் காட்டப்போகிறேன்.
இல்லவே இல்லை என்று இனி சொல்லுங்கள், பார்க்கலாம்."
அதற்கும் ஆடியது.
சின்னச் சின்னதாக,
தலையை ஆட்டிக் கேட்பதுபோல.

காட்டினாளா?
காட்டிய பிறகு
இது ஏன் நீலக் கூடைக்கு வந்தது?
யோசிக்காமல் இருக்க
ஓர் ஆரஞ்சை எடுத்து உரித்தேன்.
எனக்குக் குறட்டை உண்டா என்பது
எனக்குத் தெரியாது.
சொல்ல ஆள் வேண்டும்.

மீண்டும் ஆறாவதைப் போட்டேன்.
வேலியில் நான் பறித்த ஓட்டை வழியாக
நேராக விளிம்புக்கு வந்தது.
உள்ளங்கையில் பிடித்துவிட்டேன்.

சூடாக இருந்தது.
சக்கரம் விரலில் உரசிச் சுழன்றது,
நின்றது.

ஒன்று, இரண்டு என்று எண்ணினேன்.
பதினொன்றில் நானும் மூச்சு விடவில்லை என்று தெரிந்தது.
பதினாறு.
பதினேழு.
முன்பே ஒருமுறை கேட்டதுதான், முடிவு தெரிந்ததுதான்,
இருந்தும்
வா, என்றேன் அதனிடம்.
வா.

உடைந்த மூடி படாரென விரிந்து
மணிக்கட்டில் கீறியது.

வெள்ளிக்கிழமை இகராஷி வந்து நின்றான்.
இன்னும் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கிறது
என்றேன்.